இமை ஓரத்தில் திரும்பத் திரும்பக் கட்டி வருவது ஏன்?

ஒரே வருடத்தில் மூன்று முறை இமையில் கட்டி வந்துவிட்டது, காலையில் எழுந்தால் இமை ஒட்டிக்கொண்டு கண் எரிகிறது, சொட்டு மருந்து போட்டால் அடங்கி மறுபடி வருகிறது, என்னதான் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் இல்லை. இதே தொல்லையோடு ஆறு வருடம் அலைந்தவன் என்பதால் எழுதுகிறேன். கட்டி, எரிச்சல், ஒட்டிக்கொள்ளும் இமை என்று நீங்கள் தனித்தனியாகச் சொல்வதெல்லாம் அநேகமாக ஒரே இடத்திலிருந்து வருபவை. அந்த இடம் இமையின் ஓரம்.

எனக்கு இது புரியவே நெடுநாள் ஆனது. ஒவ்வொரு கட்டி வரும்போதும் களிம்பு போடுவேன், ஆறியதும் மறந்துவிடுவேன். கடைசியாகப் பார்த்த கண் மருத்துவர், கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஸ்லிட் லேம்ப் கருவியின் முன்னால் தாடையை வைக்கச் சொல்லி, கட்டியைப் பார்த்த கையோடு கட்டி இல்லாத இன்னொரு கண்ணின் இமையையும் மெல்ல அழுத்திப் பார்த்தார். "இங்கிருந்து எண்ணெய் தெளிவா வரணும். உங்களுக்குப் பற்பசை மாதிரி வருது" என்றார். அன்றைக்குத்தான் இமையில் எண்ணெய் சுரக்கிறது என்பதே எனக்குத் தெரியும்.

மேல் இமையில் 25 முதல் 40 வரை, கீழ் இமையில் 20 முதல் 30 வரை நுண்ணிய எண்ணெய்ச் சுரப்பிகள் வரிசையாக இருக்கின்றன. 1666இல் இவற்றை விரிவாக விவரித்த ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிக் மைபோமின் பெயரால் மீபோமியன் சுரப்பிகள் என்கிறார்கள். நாம் கண் சிமிட்டும் ஒவ்வொரு முறையும் இவை துளி எண்ணெயைக் கண்ணீரின் மேல் பூசிவிடும். அந்தப் பூச்சு இருந்தால்தான் கண்ணீர் சீக்கிரம் ஆவியாகாமல் கண்ணில் நிற்கும். எண்ணெய் கெட்டியாகிவிட்டால் கண் காய்ந்து எரியும். சிலருக்குக் காய்ந்த எரிச்சலிலேயே கண்ணிலிருந்து நீர் கொட்டும். "என் கண்தான் எப்போதும் ஈரமாக இருக்கிறதே, எப்படி வறட்சி என்கிறீர்கள்" என்று நானும் அவரிடம் கேட்டேன்.

சுரப்பியின் வாய் அடைத்து, எண்ணெய் உள்ளேயே தேங்கி உருண்டையானால் அது கலேசியன். இமை ஓரத்திலிருந்து சற்றுத் தள்ளி, பட்டாணி போலக் கையில் தட்டுப்படும், பெரும்பாலும் வலிக்காது. இமை முடியின் வேரிலோ சுரப்பியிலோ கிருமி புகுந்து சிவந்து, தொட்டாலே வலித்தால் அது கண்கட்டி. இமை ஓரம் முழுக்க நாள்பட்டு அழன்று, முடியின் அடியில் பொடுகு போலச் செதில் ஒட்டியிருந்தால் பிளெபரைட்டிஸ். இந்த மூன்றாவது இருப்பவர்களுக்கு முதல் இரண்டும் அடிக்கடி வரும். தலையில் பொடுகு, முகம் சிவக்கும் ரோசேஷியா இருப்பவர்களுக்கும் இது அதிகம். டெமோடெக்ஸ் என்ற கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி முடி வேரில் பெருகுவதும் ஒரு காரணம். அதற்குத் தனி மருந்து உண்டு, மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

சரி, செய்ய வேண்டியது என்ன? வெந்நீர் ஒத்தடம். சாதாரணமாகத் தெரிகிறது, ஆனால் பலரும் அரைகுறையாகச் செய்துவிட்டுப் பலன் இல்லை என்கிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். துணி இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும். ஆறிய துணியால் உறைந்த எண்ணெய் இளகாது. மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்த்து, இதமான சூடு என்று தெரிந்த பிறகு மூடிய இமைமேல் வையுங்கள். மறுபடி மறுபடி நனைத்து 5 முதல் 10 நிமிடம் அந்தச் சூடு குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் இமை முடி இருக்கும் பக்கமாக, மேல் இமையைக் கீழ்நோக்கியும் கீழ் இமையை மேல்நோக்கியும் விரலால் மெல்லத் தடவிவிட வேண்டும். கடைசியாக, அதற்கென்றே விற்கும் துடைப்பானால் முடியின் அடியைச் சுத்தம் செய்ய வேண்டும். கட்டி இருக்கும்போது ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை, இல்லாதபோது தினமும் ஒரு முறை. இல்லாதபோது செய்வதுதான் முக்கியம். நான் இரண்டு வாரம் விட்டால் காலை எரிச்சல் திரும்பி வந்துவிடுகிறது.

கட்டியைப் பிதுக்காதீர்கள். அது ஆறும் வரை கண்மையும் காண்டாக்ட் லென்ஸும் வேண்டாம். கண்கட்டி பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானே வடிந்துவிடும். கலேசியன் மாதக்கணக்கில் நிற்கலாம். கரையாவிட்டால் இமையை மரக்கச் செய்து, உட்புறமாகக் கீறி எடுத்துவிடுவார்கள், வெளியே தழும்பு தெரியாது. எனக்கு ஒன்று எடுத்தார்கள். மரக்கும் ஊசிதான் வலித்தது, மற்றபடி சில நிமிட வேலை.

நீங்கள் சொன்ன அந்தச் சொட்டு மருந்துதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. அதில் டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். இவை ஸ்டீராய்டு. எந்தக் காரணத்தால் கண் சிவந்திருந்தாலும் சிவப்பைக் குறைத்துவிடும், அதனால் நோய் போய்விட்டது என்று தோன்றும். கருவிழியில் ஹெர்பஸ் வைரஸ் இருக்கும்போது போட்டால் அது பரவிப் பார்வையையே பாதிக்கும். வாரக்கணக்கில் போட்டால் சிலருக்குக் கண் அழுத்தம் ஏறும், நெடுநாள் போட்டால் கண்புரை வரலாம். முன்பு ஒரு தடவை எழுதிக்கொடுத்த சீட்டை வைத்து நான் மாதக்கணக்கில் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். சோதித்தபோது அழுத்தம் ஏறியிருந்தது. நிறுத்திய பிறகு இறங்கியது, அது என் நல்ல நேரம். உங்களுடையது ஸ்டீராய்டாக இருந்தால், எத்தனை நாளாகப் போடுகிறீர்கள் என்று மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

"சிவந்தாலே மெட்ராஸ் ஐ தானா" என்றும் கேட்டிருந்தீர்கள். இல்லை. அரிப்பு தாங்க முடியவில்லை என்றால் பெரும்பாலும் ஒவ்வாமை. ஒரு கண்ணில் தொடங்கி மற்றதற்குப் பரவி, நீராக வடிந்தால் வைரஸ். அதற்கு ஆன்டிபயாடிக் உதவாது, துண்டையும் தலையணையையும் தனியாக வைத்துக்கொண்டு பொறுத்திருக்க வேண்டியதுதான். கெட்டியாக மஞ்சள் பீளை வழிந்துகொண்டே இருந்தால் பாக்டீரியா. வலியில்லாமல் வெள்ளை விழியில் திடீரென்று ரத்தத் திட்டு தெரிந்தால் பார்க்கத்தான் பயமாக இருக்கும், இரண்டு வாரத்தில் கரைந்துவிடும்.

ஆனால் உள்ளுக்குள் வலி, வெளிச்சம் கூசுதல், பார்வை மங்குதல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று சிவப்போடு சேர்ந்து வந்தாலும் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். கருவிழியில் ஏதோ நடக்கிறது என்று பொருளாக இருக்கலாம். காண்டாக்ட் லென்ஸ் போடுபவர் வெறும் சிவப்புக்கே லென்ஸைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும். இமை வீங்கிக் காய்ச்சலும் வந்து, கண்ணை அசைத்தாலே வலிக்கிறது என்றால் அது கண்கட்டி இல்லை, அவசரம். ரசாயனம் பட்டுவிட்டால் முதலில் சுத்தமான நீரில் 20 நிமிடமாவது விடாமல் கழுவிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

மூன்று கட்டியும் வேறு வேறு இடத்தில் வந்தனவா, ஒரே இடத்திலா என்று நீங்கள் எழுதவில்லை. வேறு வேறு இடம் என்றால் மேலே சொன்ன ஒத்தடத்தோடு ஆரம்பியுங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தாலோ, அந்த இடத்தில் இமை முடி உதிர்ந்திருந்தாலோ, அதுவும் வயதானவர் என்றால், அறுத்து எடுக்கும் சதையைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லி நீங்களே கேளுங்கள். எண்ணெய்ச் சுரப்பியில் வரும் புற்றுநோய் அரிதுதான், ஆனால் அது கலேசியன் போலவேதான் இருக்கும்.