லத்தீன் எண்கள்: கேட்டவையும் பதில்களும்

கேள்வி: ஒன்று, இரண்டு, மூன்று மட்டும் வேற்றுமைக்கேற்ப உருமாறுகின்றன. நான்கு ஏன் மாறுவதில்லை?

பதில்: ஒருகாலத்தில் மாறியதுதான். சமஸ்கிருதத்திலும் பழைய கிரேக்கத்திலும் நான்கு மாறும். லத்தீன் அதைக் கைவிட்டுவிட்டது. நூறுவரை நிம்மதி என்று நினைத்தால், இருநூறு வந்ததும் துகெந்தி, துகெந்தை, துகெந்தா என்று மறுபடி பால் பார்க்க வேண்டும்.

கேள்வி: இரண்டாயிரம் வீரர்கள் என்னும்போது 'வீரர்கள்' ஏன் ஆறாம் வேற்றுமையில்?

பதில்: மீல்லே (ஆயிரம்) பெயரடை, அதன் பன்மையான மீலியா பெயர்ச்சொல். அதனால் ஆயிரம் வீரர்கள் 'மீல்லே மீலித்தேஸ்', இரண்டாயிரம் என்றால் 'துவோ மீலியா மீலித்தும்', அதாவது வீரர்களின் இரண்டு ஆயிரங்கள். மைல் என்ற சொல்லும் இந்த மீல்லேதான். ஆயிரம் 'பஸ்ஸுஸ்' ஒரு மைல். ஒரு பஸ்ஸுஸ் ஐந்து ரோமானிய அடி. இடது கால் ஊன்றிய இடத்திலிருந்து மறுபடி இடது கால் ஊன்றும் இடம்வரை. அந்த மைல் இன்றைய கணக்கில் சுமார் 1,480 மீட்டர்.

கேள்வி: இரண்டு முகாம்களைத் 'துவோ காஸ்த்ரா' என்று எழுதினேன், தவறு என்றார்கள்.

பதில்: தவறுதான். முகாம் என்ற பொருளில் காஸ்த்ரா எப்போதும் பன்மை வடிவம். அப்படிப்பட்ட சொற்களோடு, இரண்டிரண்டாக, மும்மூன்றாக என்று பங்கிட வரும் எண்களைத்தான் சேர்ப்பார்கள்: பீனா காஸ்த்ரா. லித்தெரை இன்னும் வேடிக்கை. 'துவை லித்தெரை' இரண்டு எழுத்துகள், 'பீனை லித்தெரை' இரண்டு கடிதங்கள்! மூன்று முகாம் என்றால் வழக்கமான பங்கீட்டு எண்ணான தெர்னா அல்ல, த்ரீனா. தேர்வில் கேட்பதற்கென்றே பிறந்த விதிவிலக்கு.

கேள்வி: 18, 19?

பதில்: துவோதேவீகிந்தி, ஊன்தேவீகிந்தி. இருபதுக்கு இரண்டு குறைவு, ஒன்று குறைவு. 28, 29-க்கும் இதே வழி.

கேள்வி: சமஸ்கிருதத்தில் பஞ்ச, லத்தீனில் குவின்குவே. உறவு உண்டா?

பதில்: ஒரே வேர்தான். மூலச்சொல் 'பெங்க்வே' போல இருந்தது. லத்தீனில் பின்னால் வரும் 'க்வ' முன்னால் இருந்த 'ப'வையும் தன்னைப்போல் மாற்றிவிட்டது. தற்செயலா என்று சந்தேகம் வந்தால் சமையலைப் பாருங்கள்: சமஸ்கிருதத்தில் பசதி, லத்தீனில் கொக்வோ. அங்கேயும் அதே மாற்றம்.

கேள்வி: செஸ்தெர்த்தியுஸ் என்ற ரோமானிய நாணயத்தின் பெயரில் 'மூன்றாவது' எங்கிருந்து வந்தது?

பதில்: செமிஸ் என்றால் அரை, தெர்த்தியுஸ் மூன்றாவது. முதல் இரண்டும் முழுதாக, மூன்றாவது அரையாக இருப்பது, அதாவது இரண்டரை. தொடக்கத்தில் அதன் மதிப்பு இரண்டரை 'ஆஸ்' (இன்னொரு ரோமானிய நாணயம்). பின்னாளில் நான்கு ஆஸ் ஆனது. பெயரை யாரும் மாற்றவில்லை.