கோண்டோவில் குளம் இருக்கும்போது பொது நீச்சல் குளம் எதற்கு?

கேள்வி: எங்கள் கோண்டோ (தனியார் அடுக்குமாடி) நீச்சல் குளம் பாதி நாள் ஆளில்லாமல் கிடக்கிறது. பக்கத்துக் கோண்டோக்களிலும் இதே கதைதான். அப்புறம் பேட்டைக்குப் பேட்டை அரசாங்கச் செலவில் பொதுக்குளம் தேவையா?
– வாசகர், பிடோக்

பதில்: கட்டாயம் தேவை, ஐயா. உங்கள் குளத்துக்குள் வேலிக்கு வெளியே இருப்பவர் வர முடியாது. அதனால்தான் அது காலியாகக் கிடக்கிறது.

ஒரு காலத்தில் சிங்கப்பூரில் நீச்சலே அப்படித்தான் இருந்தது. 1894இல் தொடங்கிய சிங்கப்பூர் நீச்சல் மன்றத்தில் நெடுங்காலம் ஐரோப்பியர்களுக்கு மட்டுமே இடம். சீனர்கள் தங்களுக்கென்று தனி மன்றம் வைத்துக்கொண்டார்கள். முதல் பொது நீச்சல் குளம் 1931இல்தான் வந்தது. நம் லிட்டில் இந்தியாவை ஒட்டிய மவுண்ட் எமிலி மேட்டில், பழைய தண்ணீர்த் தொட்டியைக் குளமாக மாற்றினார்கள். 1970இல் குவீன்ஸ்டவுனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளுக்கு நடுவே ஒரு நீச்சல் வளாகம் திறந்த பிறகு, மற்ற பேட்டைகளுக்கும் குளங்கள் வந்தன.

நான் போவது எங்கள் பேட்டைக் குளத்துக்கு. வேகமாக நீந்துகிறவர்கள் யாரோடும் பேசுவதில்லை. அவர்களுக்கு மூச்சு வாங்கவே நேரம் போதாது. பழக்கமெல்லாம் ஆழம் குறைந்த பக்கத்தில்தான். காலையில் அங்கே மூட்டுவலிக்காரர்கள் வரிசையாகத் தண்ணீரில் நடப்பார்கள். ஒரு தமிழ்ப் பாட்டியும் சீனப் பாட்டியும் எந்த மருந்து கேட்டது, எது கேட்கவில்லை என்று சந்தை மலாயில் அலசிக்கொண்டே நடப்பதைப் பார்க்கிறேன். ஒருவர் வராவிட்டால் மற்றவர் உயிர்காப்பாளரிடம் போய் விசாரிக்கிறார்.

மின்னல் எச்சரிக்கை வந்துவிட்டால் இன்னும் நன்றாக இருக்கும். உயிர்காப்பாளர் விசில் ஊதியதும் எல்லாரும் கரையேறிக் கூரைக்கு அடியில் ஒதுங்க வேண்டும். சில நாள் அரை மணி நேரம்கூட ஆகும். துண்டைப் போர்த்திக்கொண்டு நனைந்த கையோடு கைப்பேசியை எவ்வளவு நேரம்தான் பார்ப்பது? பேச்சு தானாக வரும். போன மாதம் அப்படி ஒதுங்கியபோது, ஒரு மலாய்க்காரப் பெரியவர் நடுங்கிக்கொண்டிருந்த ஒரு பையனைப் பெஞ்சில் குப்புறப் படுக்கவைத்துத் தவளை நீச்சலுக்குக் கால் உதைக்கச் சொல்லிக்கொடுத்தார். அவன் யார் வீட்டுப் பிள்ளை என்று அவருக்குத் தெரியாது. பாதத்தை வெளிப்பக்கம் திருப்பித் தள்ளு என்று கணுக்காலைப் பிடித்துக் காட்டினார். அவன் அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இத்தனைக்கும் கட்டணம் ஒரு கோப்பி விலைதான். ஞாயிற்றுக்கிழமை உங்கள் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போய்ப் பாருங்கள்.

கேள்வி: எனக்கு 63 வயது. தண்ணீரில் நடக்கச் சொல்கிறார் டாக்டர். நீச்சல் தெரியாது. உடையை நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.
– வாசகி, ஈசூன்

பதில்: தைரியமாகப் போங்கள், அம்மா. கையையும் காலையும் முழுக்க மூடிய நீச்சலுடை விளையாட்டுப் பொருள் கடைகளில் கிடைக்கிறது. நிறையப் பெண்கள் அதைத்தான் அணிகிறார்கள். பருத்திச் சட்டை மட்டும் வேண்டாம், நனைந்தால் கனத்து இழுக்கும். வாரநாளில் காலை எட்டு மணிக்கு மேல் போனால் உங்கள் வயதுக்காரர்கள் இருப்பார்கள். முதல் சில நாள் கைப்பிடிக் கம்பியை விடாமல் நடங்கள். பராமரிப்புக்காக மூடும் நாள் குளத்துக்குக் குளம் மாறும். கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.