மட்டக்களப்பில் லோன்றியும் ட்ரை கிளீனிங்கும் சேர்த்துக் கடை போட்டால், உடுப்புக் காயவைக்க எந்த மெஷின் வாங்குவது?

கேள்வி கேட்டவர் செங்கலடிப் பக்கம் கடை தொடங்குகிறார். கொழும்பில் ஓடிய 15 கிலோ கரண்ட் ட்ரையர் ஒன்று மலிவாக வருகிறதாம். அதை எடுக்கலாமா, கொடியிலேயே சமாளிக்கலாமா, ட்ரை கிளீன் செய்த கோட், சாறிகளையும் அதே ட்ரையரில் போடலாமா என்று மூன்றாகக் கேட்டிருக்கிறார். நான் கல்லடியில் லோன்றி நடத்துகிறேன். அதற்கு முன் கட்டாரில் ஹோட்டல் சலவைப் பகுதியில் மெஷின் ஓட்டியவன். அந்த அளவில் சொல்கிறேன்.

மூன்றாவது கேள்விதான் ஆபத்தானது, அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். போடவே கூடாது. தண்ணீரில் தோய்த்த உடுப்புக்கான ட்ரையர் வேறு, சோல்வென்டில், அதாவது தண்ணீருக்குப் பதிலாக அழுக்கைக் கரைக்கும் திரவத்தில் கழுவிய உடுப்பைக் காயவைக்கும் மெஷின் வேறு. சாதாரண ட்ரையர் உள்ளே இருக்கும் ஆவியைக் குழாய் வழியாக வெளியே துப்பிவிடும். உள்ளே 60, 70 பாகைக்குச் சூடேறும். வைட் ஸ்பிரிட் மாதிரியான எண்ணெய் வகைச் சோல்வென்டின் ஆவி 40 பாகை அளவிலேயே தீப்பற்றும் நிலைக்கு வந்துவிடும். மிச்சத்துக்கு ஒரு பொறி போதும். பெற்றோல் தொட்டுக் கறை எடுத்த றவுசரும் இதே கணக்குத்தான். அதை வெளியே காற்றில் தொங்கவிட்டு, வாசம் முழுக்கப் போன பிறகு தண்ணீரில் அலசாமல் ட்ரையர் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

முறையான ட்ரை கிளீனிங் மெஷின் கழுவுவது, பிழிவது, காயவைப்பது எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் செய்யும். சோல்வென்டை இழுத்தெடுத்துச் சுழற்றிப் பிழிந்த பிறகு, காற்றாடி சூடான காற்றை உடுப்புக்குள் தள்ளும். ஆவியோடு திரும்பும் காற்று பஞ்சு வடிகட்டியைத் தாண்டிக் குளிர்ச் சுருளில் படும். ஆவி அங்கே திரவமாகி, தண்ணீர் பிரிப்பான் வழியாகத் தாங்கிக்குத் திரும்பும். காற்று மறுபடி சூடேறி உள்ளே போகும். கதவு திறக்கும்வரை இந்தச் சுற்று மூடியே இருக்கும். தொழிலில் பெர்க் என்று சொல்லும் பெர்குளோரோஎத்திலீன் கொதிப்பது 121 பாகையில். ஆனால் 60 பாகை அளவுக் காற்றிலேயே உடுப்பை விட்டுப் போய்விடும். கடைசியில் சூட்டை நிறுத்திக் குளிர்ந்த காற்றை ஓடவிட்டு மிச்ச வாசத்தை எடுக்கும். வாடிக்கையாளர் "கோட்டில மருந்து மணக்குது" என்று திருப்பிக் கொண்டுவந்தால், பெரும்பாலும் வடிகட்டி அடைத்திருக்கும், அல்லது குளிர்ச் சுருள் குளிரவில்லை.

இந்தக் குளிர்ச் சுருள்தான் நம்முடைய ஊரில் தலைவலி. பழைய மெஷின்கள் பலவற்றில் அது குழாய்த் தண்ணீரால் குளிர்கிறது. கச்சான் என்ற சூடான தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் கூரைக்கு மேலே இருக்கும் தாங்கித் தண்ணீர் கையைச் சுடும். அந்தத் தண்ணீரை விட்டு ஆவியைப் பிடிக்கப் பார்த்தால் பாதி கைக்கு வராது. சோல்வென்ட் காசும் போகும், வாசமும் நிற்கும். சொந்தமாகக் குளிரூட்டி உள்ள மெஷின் என்றால் மட்டும் யோசிக்கலாம்.

அப்புறம் மண். கடலுக்கும் வாவிக்கும் நடுவே மணல் நிலத்தில் இருக்கிறோம். சில அடியில் தண்ணீர், வீட்டுக்கு வீடு கிணறு. பெர்க் தண்ணீரைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் பாரம். சிந்தினால் மணலுக்குள் இறங்கிக்கொண்டே போகும். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை 2ஏ பிரிவில் வைத்திருக்கிறது, அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் கூடியது என்று. அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு முகமை 2024 டிசம்பரில், ட்ரை கிளீனிங்கில் அதன் பாவனையைப் பத்து வருடத்தில் படிப்படியாக நிறுத்தும் விதியை வெளியிட்டது. இந்த நிலையில் பழைய பெர்க் மெஷினைத் தேடி வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். தொடக்கத்தில் கோட், வேலைப்பாடு செய்த சாறிகளைப் பொறுப்பெடுத்து, மெஷின் உள்ள இடத்துக்கு அனுப்பித் திருப்பிக் கொடுங்கள். லாபம் குறைவுதான். ஆனால் மட்டக்களப்பில் ஒரு வாரத்தில் எத்தனை கோட் வரும் என்று நினைக்கிறீர்கள்? உங்கள் வருமானம் பெட்சீட், துவாய், சேட், சாறனில்தான் இருக்கிறது. அதெல்லாம் தண்ணீர் வேலை.

தண்ணீர் வேலையில் என் ஒரே பிடிவாதம் இது: சூட்டுக்குச் செலவழிக்க முன்னம் பிழிவதற்குச் செலவழியுங்கள்.

கணக்குப் பார்த்தால் விளங்கும். ஒரு லீற்றர் தண்ணீரை ஆவியாக்க இயற்கை கேட்கும் சக்தி 0.63 யூனிட். ட்ரையரில் போகும் நட்டத்தையும் சேர்த்தால் சுமார் ஒரு யூனிட். 10 கிலோ பருத்தி உடுப்பு, மெதுவாகச் சுழலும் வாஷரிலிருந்து வரும்போது 8 லீற்றர் அளவு தண்ணீரைச் சுமந்துகொண்டு வரும். அதையே 300 ஜீக்கு மேல், அதாவது புவியீர்ப்பைப்போல 300 மடங்குக்கு மேல் விசை வரும் வேகத்தில் சுழற்றினால் 5 லீற்றர் அளவுக்கு இறங்கிவிடும். அந்த 3 லீற்றரைச் சூட்டால் விரட்ட 3 யூனிட் வேண்டும். ஹைட்ரோ என்று நாங்கள் சொல்லும் பிழியும் மெஷின் அதைச் சில நிமிடத்தில் கால் யூனிட்டுக்குள் முடித்துவிடும். ட்ரையர் நேரமும் அதே அளவுக்குக் குறையும். மாரியில் கடை நிறைய ஈரம் தேங்கும்போது இந்த நேரம்தான் காசு. ஆகவே ஹைட்ரோ முதலில். அல்லது வாஷரையே வேகமாகச் சுழலும் வகையில் எடுங்கள். எப்படியென்றாலும் நல்ல கொங்கிறீட் மேடை போட்டு வையுங்கள். அதிர்வுக்கும் ஆச்சு, வெள்ளத்துக்கும் ஆச்சு. 2011 ஜனவரியில் இந்த மாவட்டம் எப்படிக் கிடந்தது என்று தெரிந்தவர்களுக்கு மேடையின் உயரம் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

இப்போது அந்தக் கொழும்பு ட்ரையர். முதலில் மெஷினின் தகட்டில் எழுதியிருப்பதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கடைக்குச் சாதாரணமாகக் கிடைக்கும் ஒற்றைக் கட்ட (சிங்கிள் ஃபேஸ்) 30 அம்பியர் இணைப்பு, 230 வோல்ட்டில் 6.9 கிலோவாட்தான் தரும். 15 கிலோ கரண்ட் ட்ரையரின் ஹீட்டர் மட்டுமே அதற்கு இரண்டு மடங்குக்கு மேல் கேட்கும். மூன்று கட்ட (த்ரீ ஃபேஸ்) இணைப்பு எடுக்காமல் அதை இறக்கினால் கடைக்கு அலங்காரமாக நிற்கும். அடுத்தது வோல்ட்டும் ஹேர்ட்ஸும். ஜப்பான் மெஷின் 100 வோல்ட்டாக இருக்கலாம். கொரிய, அமெரிக்க மெஷின் 60 ஹேர்ட்ஸுக்குச் செய்ததாக இருக்கலாம்; நம்முடைய 50 ஹேர்ட்ஸில் அதன் மோட்டார் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுழலும், காற்று குறையும், உடுப்பு காய நேரம் எடுக்கும். விற்கிறவர் "சும்மா ஓடும்" என்பார். ஓடும்தான், காயாது. வெறுந்தொட்டியைக் கையால் சுற்றிப் பாருங்கள். உருளியும் பெயாரிங்கும் தேய்ந்திருந்தால் சத்தத்திலேயே தெரியும். கதவு றப்பர், தொட்டியைச் சுற்றிய ஃபெல்ட் இரண்டும் பிய்ந்திருந்தால் சூடான காற்று உடுப்பைத் தொடாமலே ஓடிவிடும்.

என்னைக் கேட்டால் உங்களுக்குக் காஸ் ட்ரையர் பொருந்தும். ஒரு கிலோ காஸில் ஏறக்குறைய 12.8 யூனிட் வெப்பம் இருக்கிறது. நன்றாகப் பிழிந்த 10 கிலோ உடுப்புக்கு அரைக் கிலோ அளவு காஸ் போகும் என்று வைத்தால், 12.5 கிலோ சிலிண்டர் ஒன்றில் இருபது தடவைக்குக் குறையாமல் ஓட்டலாம். அன்றைய காஸ் விலையையும் யூனிட் விலையையும் போட்டு நீங்களே ஒப்பிடுங்கள். 2022இல் காஸுக்கும் வரிசை, கரண்டும் பல மணி நேரம் இல்லை. அந்த வருடம் கடை நடத்திய யாரும் ஒரே வழியை நம்ப மாட்டார்கள். காஸ் ட்ரையரின் மோட்டாரைச் சின்ன ஜெனரேட்டர் சுழற்றிவிடும். கரண்ட் ஹீட்டரை அதால் தூக்க முடியாது. சிலிண்டரை வெளியே, நிழலில், காற்றோட்டத்தில் வையுங்கள். பைப் காஸுக்காகச் செய்த மெஷின் என்றால் ஜெட், அதாவது பர்னருக்குக் காஸ் வரும் சின்னத் துளையை மாற்ற வேண்டும். பிற்காலத்தில் பெர்க் மெஷின் வாங்கினாலும் இதே அறையில் வைக்கக் கூடாது. பெர்க் ஆவி பர்னர் சுவாலைக்குள் போனால் ஹைட்ரஜன் குளோரைட், பொஸ்ஜீன் என்ற நச்சு வாயுக்கள் உண்டாகும். மெஷின் துருப்பிடிப்பது அதில் சின்னக் கேடு.

"மழைக் காற்றே ஈரம், அதை உறிஞ்சி உடுப்பு எப்படிக் காயும்?" என்று பலர் கேட்கிறார்கள். 25 பாகையில் 90 சதவீத ஈரப்பதத்தோடு இருக்கும் காற்றை 70 பாகைக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் 10 சதவீதத்துக்குக் கீழே போய்விடும். மழை ட்ரையரைத் தோற்கடிக்காது. தோற்கடிப்பது குழாய். வெளியே போக வேண்டிய ஈரக் காற்று அறைக்குள்ளேயே சுற்றினால் எந்த மெஷினும் நிற்கும். குழாய் குட்டையாக, வளைவு குறைவாக இருக்கட்டும். முனையில் நுளம்பு வலை அடிக்காதீர்கள், ஒரே கிழமையில் பஞ்சு அடைத்துவிடும். வெளியே போகும் அளவு காற்று உள்ளே வர மெஷினுக்குப் பின்பக்கம் வழி வேண்டும். முனையை வடகிழக்கே திருப்பினால் வாடைக்காற்று மழையை உள்ளே அடிக்கும். மேற்கே திருப்பினால் கச்சான் புழுதியைத் தள்ளும். தெற்கே வைத்து, காற்றுப் போகும்போது மட்டும் திறக்கும் மூடி போடுங்கள். கடல் பக்கம் என்றால் தகரக் குழாய் உப்புக்காற்றில் கரைந்துவிடும், அலுமினியம் எடுங்கள்.

பஞ்சு வடிகட்டியை ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் துடைக்க வேண்டும். இதில் சமரசம் இல்லை. பாசிக்குடா ஹோட்டல்களின் மசாஜ் துவாய், சாப்பாட்டுக் கடைத் துணி எடுத்தால் இன்னும் கவனம். எண்ணெய் முழுதாகப் போகாத துவாயைச் சூடாக மடித்துக் குவித்தால் உள்ளுக்குள் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். இரண்டாம் தடவை சுடுதண்ணீரில் தோயுங்கள், கடைசிப் பத்து நிமிடம் சூடில்லாமல் ஓடவிடுங்கள், ஆறாமல் குவிக்காதீர்கள்.

மொறுமொறு என்று காயவைக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். பருத்தி தன் இயல்பிலேயே 8 சதவீதம் அளவு ஈரம் வைத்திருக்கும். அதையும் விரட்டினால் காஸ் வீண், வெள்ளை மஞ்சளடிக்கும், பிறகு அயன் பண்ண நீங்களே தண்ணீர் தெளிப்பீர்கள். சேட், சாறனை லேசான ஈரத்தோடு எடுத்து நேரே அயன் மேசைக்குக் கொடுங்கள்.

பட்டு, மருதமுனைக் கைத்தறிச் சாறி, கம்பளிக் கோட், திரைச்சீலை எதுவும் சுழலும் ட்ரையருக்கு ஆகாது. இவற்றுக்குச் சின்ன அறை ஒன்றை அடைத்து, குறுக்கே கம்பி கட்டி, ஈரம் உறிஞ்சும் டிஹியூமிடிஃபையர் ஒன்றும் காற்றாடி ஒன்றும் வையுங்கள். ஒரு லீற்றருக்கு ட்ரையரில் செலவாகும் கரண்டில் பாதி அளவுதான் போகும். ஒரு இரவு எடுக்கும், ஆனால் துணி சுருங்காது, மக்கல் மணமும் வராது. இந்த மெஷின் பெட்டியில் எழுதும் லீற்றர்க் கணக்கு பெரும்பாலும் 30 பாகை, 80 சதவீத ஈரப்பதத்துக்கானது. குளிர் நாட்டில் அது பொய்க்கும். நம்முடைய ஊரில் பொய்க்காது, காலநிலையே அதுதானே! கதவு, யன்னல் மூடியிருக்க வேண்டும். திறந்து வைத்தால் வாவியையே உறிஞ்சிக்கொண்டிருக்கும்.

கொடியைக் கைவிட வேண்டாம். கச்சான் காலத்தில் சேட் ஒரு மணித்தியாலத்தில் காயும், செலவில்லை. ஒளி புகும் சீற் போட்ட கொட்டகைக்குள், புழுதி படாமல், சாய உடுப்பை நேர் வெயிலில் விடாமல் கட்டுங்கள். மெஷினின் அளவை மட்டும் கார்த்திகை, மார்கழி மாதங்களில் வரக்கூடிய வேலையைக் கணித்து முடிவெடுங்கள். ஹோட்டல் வேலை பிடித்தால் அது சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரையில் வரும். அப்போது வெயிலும் உங்களோடு நிற்கும்.

காசு தட்டுப்பாடு என்றால் ஹைட்ரோ, அறையோடு டிஹியூமிடிஃபையர், பிறகு காஸ் ட்ரையர் என்ற வரிசையில் வாங்குங்கள். கொழும்பு மெஷினுக்கு முற்பணம் கொடுக்க முதல் மின்சார அலுவலகத்தில் மூன்று கட்ட இணைப்புக்கு எவ்வளவு என்று கேளுங்கள், தெற்குச் சுவருக்கு அந்தப் பக்கம் யாருடைய யன்னல் இருக்கிறது என்றும் பாருங்கள். சூடான பஞ்சுக் காற்று அடுத்த வீட்டுக்குள் அடித்தால் சண்டை வரும்.