மாறுவேடப் போட்டிக்குப் பதில் என்ன?

வணக்கம் ஐயா,

மண்டபம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆறு, ஏழாம் வகுப்புகளுக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். இரண்டும் சேர்த்து 34 பிள்ளைகள். ஆகஸ்ட் வந்தால் மாறுவேடப் போட்டி, பேச்சுப் போட்டி, கட்டுரை. வேடத்துக்கு வாடகை கொடுக்க முடிந்த வீட்டுப் பிள்ளை மேடை ஏறுகிறது, மற்றவர்கள் கை தட்டுகிறார்கள். அடுத்த வாரம் வ.உ.சி. யார் என்று கேட்டால் "கப்பல் ஓட்டினார்" என்பதோடு சரி. மீன்பிடிப் பிள்ளைகள் சிலர், "எங்க அப்பாவும்தான் போட் ஓட்டுறாரு" என்கிறார்கள். செலவில்லாமல், மனதில் நிற்கிற மாதிரி வகுப்பில் என்ன செய்யலாம்?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

"எங்க அப்பாவும்தான் ஓட்டுறாரு" என்று சொன்ன பிள்ளையை விட்டுவிடாதீர்கள். உங்கள் வகுப்பில் சரியான கேள்வி கேட்டது அந்தப் பிள்ளைதான். கப்பல் ஓட்டுவதில் என்ன பெருமை, அதற்கு ஏன் சிறை? மாறுவேடத்தில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. தலைவரின் மீசையும் தலைப்பாகையும் தெரியும், அவர் எடுத்த முடிவு தெரியாது. முழு வாழ்க்கையை எடுக்காமல், ஒரு தலைவருக்கு ஒரே ஒரு முடிவை எடுத்துக்கொண்டு அதைப் பிள்ளைகளின் கையில் கொடுங்கள்.

வ.உ.சி.யிலிருந்தே தொடங்குவோம். 1906இல் அவர் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியின் மூலதனம் 10 லட்சம் ரூபாய், 25 ரூபாய் வீதம் 40,000 பங்கு. பங்கு என்றால் என்ன என்று உங்கள் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை. வள்ளத்தில் மீன் காசு பிரிப்பதை வீட்டில் பார்க்கிறார்கள். 34 பேரில் 7 பேர் "அ" கம்பெனி, 7 பேர் "ஆ" கம்பெனி, 20 பேர் பயணிகள். கடற்கரையில் பொறுக்கிய சிப்பிதான் காசு. "அ"வுக்கு 200, "ஆ"வுக்கு 40. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு கம்பெனியும் பயணச் செலவாக 10 சிப்பியை உங்களிடம் கட்ட வேண்டும். பயணிகளுக்குச் சுற்றுக்குச் சுற்று ஆளுக்கு 2 சிப்பி கொடுங்கள். கட்டணம் 2இல் தொடங்கும்; குறைக்கலாம், இலவசமாகவும் விடலாம். இரண்டு கம்பெனியும் தங்கள் கட்டணத்தைச் சீட்டில் எழுதி ஒரே நேரத்தில் காட்ட வேண்டும்.

எந்தக் கம்பெனி யாருடையது என்பதை முதல் நான்கு சுற்றுக்குச் சொல்லவே கூடாது. சொன்னால் இருபது பேரும் "சுதேசிக்குத்தான் போவேன்" என்று நல்ல பிள்ளையாகிவிடுவார்கள், விளையாட்டு செத்துவிடும். சொல்லாமல் விட்டால் மலிவான கப்பலுக்கு ஓடுவார்கள். "அ" இலவசமாக ஏற்றினாலும் 20 சுற்று தாங்கும். பயணி வராத "ஆ"வின் சிப்பி நாலே சுற்றில் தீரும். அப்போது பெயரைச் சொல்லுங்கள்: "அ" பிரிட்டிஷ் இந்தியக் கப்பல் கம்பெனி, "ஆ" வ.உ.சி.யின் சுதேசிக் கம்பெனி. பிரிட்டிஷ் இந்தியக் கம்பெனி தூத்துக்குடி–கொழும்புக் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் இலவசப் பயணத்தோடு குடையும் தருவதாகச் சொன்னதையும் சொல்லுங்கள். பிறகு "ஆ"வுக்கு மறுபடி 40 சிப்பி கொடுத்து இன்னும் இரண்டு சுற்று ஆடவிடுங்கள். காசு கொடுத்தாவது சுதேசிக் கப்பலில் ஏறுகிறவர்கள் யார், ஏன் என்று அவர்களே பேசட்டும். 1908இல் கைது, 1911இல் கம்பெனி மூடல் என்பதை அதற்குப் பின் சொன்னால் போதும்.

அடுத்தது உப்பு, காந்தியின் உப்புச் சத்தியாகிரகம். இதற்கு உங்கள் கரையைவிட நல்ல வகுப்பறை கிடையாது. ஜெட்டிக்குத் தள்ளி, டீசல் படலம் இல்லாத இடத்தில் கடல்நீர் எடுத்து, மடித்த வெள்ளைத் துணியில் வடிகட்டி, சரியாக ஒரு லிட்டர் அளங்கள். ஒன்றேகால் அடி அகல எவர்சில்வர் தாம்பாளத்தில் ஊற்றினால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரம்தான் நிற்கும். அலுமினியம் வேண்டாம், உப்பு அரித்துவிடும். கச்சான் காற்றில் மணல் பறந்து விழும் என்பதால் மேலே கொசுவலைத் துண்டு கட்டுங்கள். நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் ஆகும். மாலையில் வகுப்புக்குள் எடுத்து வைத்துவிட வேண்டும், வெளியே விட்டால் பனியில் ஈரம் ஏறும்.

முதல் நாள் பிள்ளைகள் சலித்துப்போவார்கள். தண்ணீர் பத்தில் ஒரு பங்காக வற்றும்வரை உப்புப் பூக்காது. அதற்குமுன் தட்டில் வெள்ளையாகப் படிவது பெரும்பாலும் ஜிப்சம். இதை முன்பே சொல்லி வையுங்கள். இன்னொரு தவறு, கடைசிச் சொட்டுவரை காயவிடுவது. அடியில் மிஞ்சும் கெட்டியான நீரில் மக்னீசிய உப்புகள் இருக்கின்றன. அதையும் சேர்த்துக் காயவைத்தால் கசக்கும், ஒரு நாளில் கசிந்து குழையும். ஆகவே கொஞ்சம் நீர் இருக்கும்போதே சாய்த்துக் கொட்டிவிட்டு, உப்பைத் துணியில் பரப்பி அரை நாள் காயவைத்து எடை போடுங்கள். மளிகைக்கடைத் தராசு போதும். 25 கிராம் அளவில் கிடைக்கும். மழைக்காலத்துக்குப் பின் எடுத்த நீரானால் குறையும். பார்ப்பதற்கும் எடை போடுவதற்கும்தான் அந்த உப்பு, சாப்பிட வேண்டாம்.

இனி கணக்கு. 1930இல் ஒரு மணு உப்புக்கு, அதாவது சுமார் 37 கிலோவுக்கு, வரி ஒன்றேகால் ரூபாய். கேட்டதும் பிள்ளைகள் சிரிப்பார்கள், "ஒண்ணேகால் ரூபாதானா!" சிரிக்கட்டும். ரூபாய்க்கு 16 அணா, ஆக வரி 20 அணா. அந்த ஆண்டு மார்ச் 2ஆம் தேதி வைஸ்ராய்க்கு எழுதிய கடிதத்தில் காந்தி, இந்தியரின் சராசரி வருமானம் நாளுக்கு 2 அணாவுக்கும் குறைவு என்கிறார். வைஸ்ராயின் சம்பளமோ நாளுக்கு 700 ரூபாய்க்கு மேல். வகுத்துப் பார்த்தால் வரி மட்டும் பத்து நாள் வருமானம். அதோடு, 37 கிலோ உப்புக்கு எத்தனை லிட்டர் கடல்நீர் வேண்டும் என்று தட்டில் கிடைத்த எடையை வைத்துப் போடச் சொல்லுங்கள். ஏறக்குறைய 1,500 லிட்டர், 15 லிட்டர் குடத்தில் நூறு குடம். தண்ணீர் சுமக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு நூறு குடம் என்றால் என்னவென்று தெரியும்.

தண்டியைச் சொல்லும்போது வேதாரண்யத்தை விட்டுவிடாதீர்கள். 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் கிளம்பியவர்கள் 28ஆம் தேதி அங்கே போய்ச் சேர்ந்தார்கள். சத்தியாகிரகிகளுக்குச் சோறும் இடமும் கொடுத்தால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். ஜனங்கள் சோற்றுப் பொட்டலத்தை மரக்கிளையில் கட்டி வைத்தார்கள். பொட்டலக் கதையை முதலில் சொல்லாதீர்கள். உத்தரவை மட்டும் போர்டில் எழுதி, "நீங்கள் வழியில் உள்ள ஊர்க்காரர், என்ன செய்வீர்கள்?" என்று கேட்டு, நாலு நாலு பேராகப் பத்து நிமிடம் யோசிக்கவிடுங்கள். போலீஸ் வேடம் யாருக்கும் வேண்டாம். கொடுத்தால் அடிப்பது மட்டும்தான் நடக்கும்.

சுவருக்கு ஒரு வேலை. எட்டு மீட்டர் வலைக்கயிறு, ஆண்டுக்கு 5 சென்டிமீட்டர், 1860 முதல் 2020 வரை. பத்தாண்டுக்கு ஒரு அடையாளம் வேண்டும். முடிச்சுப் போட்டால் கயிறு குறைந்து கணக்குத் தப்பும், கலர் நூல் கட்டுங்கள். பிறப்பு முதல் இறப்புவரை ஒவ்வொருவருக்கும் ஒரு துணிப்பட்டை: காந்தி 1869–1948, வ.உ.சி. 1872–1936, காமராஜர் 1903–1975, கலாம் 1931–2015. கப்பல் கம்பெனி தொடங்கியபோது காமராஜருக்கு மூன்று வயது, சுதந்திரம் வந்தபோது ராமேசுவரத்துப் பையன் கலாமுக்குப் பதினைந்து என்று பிள்ளைகளே பட்டையைப் பார்த்துச் சொல்வார்கள்.

கலாம் விஷயத்தில் உங்கள் பக்கத்துப் பள்ளிகளுக்கு ஒரு தனிச் சிக்கல், பொன்மொழிகள். வாட்ஸப்பில் அவர் பெயரில் வருவதையெல்லாம் சார்ட்டில் எழுதி ஒட்டுகிறார்கள். எங்கே, எப்போது சொன்னார் என்று காட்ட முடியாத வரி சுவரில் ஏறக்கூடாது என்று விதி வையுங்கள். பாதிக்குமேல் கழிந்துவிடும். காலியான இடத்தில் இரண்டு தேதிகளை எழுதலாம்: அவர் தலைமையில் செய்த எஸ்.எல்.வி.-3 ராக்கெட் வங்கக் கடலில் விழுந்த 1979 ஆகஸ்ட் 10, அதே வகை ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் விட்ட 1980 ஜூலை 18. இடைப்பட்ட 11 மாதத்தில் என்ன செய்திருப்பார்கள் என்று எழுதச் சொன்னால் அதுவே கட்டுரைப் போட்டி.

உப்பை மட்டும் ஆகஸ்டிலேயே முடித்துவிடுங்கள். ஐப்பசியில் வாடையும் மழையும் தொடங்கிவிட்டால் தாம்பாளம் காயாது.