வீட்டுக் கேள்வி–பதில்: தொட்டி போன பின்னும் நிற்கும் கட்டைகள்

கேள்வி: லண்டன் ஹாரோவில் 1978இல் கட்டிய வீட்டில் குடியிருக்கிறோம். சென்ற ஆண்டு காம்பி பாய்லர் (தொட்டி இல்லாமலே குழாய்த் தண்ணீரை நேரடியாகச் சூடாக்கும் கருவி) பொருத்தியபோது, கூரைக்கு அடியிலுள்ள லாஃப்டில் இருந்த தண்ணீர்த் தொட்டியை பிளம்பர் எடுத்துச் சென்றுவிட்டார். அதைத் தாங்கிய கட்டைகளும் பலகையும் அப்படியே நிற்கின்றன. அவற்றைக் கழற்றிவிட்டுப் பெட்டிகளை அடுக்க விரும்புகிறேன். "கட்டையைத் தொட்டால் கூரை இறங்கிவிடும்" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். கழற்றலாமா?

பதில்: தொட்டிக்கென்றே வைத்த கட்டைகளைக் கழற்றுவதால் கூரைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் எது தொட்டியின் கட்டை, எது கூரையின் கட்டை என்று பிரித்தறிந்த பிறகே ரம்பத்தை எடுக்க வேண்டும். அந்த அளவில் அவருடைய பயத்திலும் நியாயம் உண்டு.

உங்கள் வீட்டின் காலத்தைப் பார்த்தால், கூரை பெரும்பாலும் தொழிற்சாலையில் செய்து வந்த டிரஸ்களால் (முக்கோண மரச்சட்டகங்களால்) ஆனதாக இருக்கும். ஏறத்தாழ 60 செ.மீ. இடைவெளியில் வரிசையாக நிற்கும் அவற்றின் நடுவே 'டபிள்யூ' வடிவில் மெல்லிய சட்டங்கள் இருக்கும். மூட்டுகளில் பல் பதித்த இரும்புத் தகடுகளைக் காணலாம். 230 லிட்டர் தொட்டி நிரம்பினால் தண்ணீர் மட்டுமே 230 கிலோ. அந்தப் பாரம் ஒரே டிரஸ்ஸின் மேல் விழாமல் மூன்று நான்கிற்குப் பங்கிட்டுப் போகவும், மூட்டுகளுக்கு அருகிலேயே இறங்கவும்தான் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினார்கள். பாரம் போனபின் அவற்றுக்கு வேலை இல்லை.

குழப்பம் வருவது ஓரிடத்தில்தான். டிரஸ்களின் கீழே கிடையாகக் கிடக்கும் அடிச்சட்டங்களின் மேல் சுமார் 10 செ.மீ. அகலமும் 2.5 செ.மீ. தடிமனும் கொண்ட நீண்ட பலகைகளும் ஓடும். கைமரங்களின் அடிப்பக்கத்தில் சாய்வாகவும் சில அடிக்கப்பட்டிருக்கும். காற்றடிக்கும்போது டிரஸ்கள் அலமாரிப் புத்தகங்களைப் போலச் சாய்ந்துவிடாமல் பிடித்து நிறுத்துபவை இவையே. தொட்டிக் கட்டை மூன்று நான்கு டிரஸ்களோடு நின்றுவிடும். இவையோ அவற்றைத் தாண்டிக் கூரையின் நீளத்துக்கும் தொடரும். தொடர்ந்து போவது எதையும், தகடு பதித்த எந்தச் சட்டத்தையும் தொடாதீர்கள்.

கழற்றும்போது சுத்தியலை ஓங்கி அடிக்க வேண்டாம். அந்த அதிர்வில் கீழ் அறைச் சீலிங்கின் ஆணிகள் துருத்திக்கொண்டு வெளியே வரும். கட்டைக்கும் அடிச்சட்டத்துக்கும் இடையில் ஆக்சா பிளேடை நுழைத்து ஆணியை அறுப்பதே நல்லது. கட்டையோடு மின்கம்பி கிளிப் செய்யப்பட்டிருக்கிறதா என்று முதலில் தடவிப் பாருங்கள். காலைச் சட்டத்தின் மேலோ, இரண்டு சட்டங்களுக்குக் குறுக்கே போட்ட பலகையின் மேலோ மட்டும் வையுங்கள். இடையில் இருப்பது வெறும் பிளாஸ்டர்போர்டு, அதாவது சீலிங்குக்கு அடித்த மெல்லிய ஜிப்சம் பலகை.

பலரும் மறக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். குளிர்காலத்தில் தொட்டி உறையாதிருக்க, கீழ் அறையின் சூடு மேலே வரட்டும் என்று தொட்டிக்கு அடியில் மட்டும் காப்புப் பஞ்சு போடாமல் விட்டுவிடுவார்கள். தொட்டி இருந்த அந்தச் சதுரம் இன்று சூட்டை வீணாக வெளியேற்றுகிறது. கீழே குளியலறை இருந்தால் சீலிங்கில் அந்த அளவுக்கே கரும்பூஞ்சை படரலாம். அங்கே 27 செ.மீ. பஞ்சு போட்டு மூடுங்கள். பயனற்ற குழாய்த் துண்டுகளில் தண்ணீர் தேங்கிக் கெடாதபடி, கிளை பிரியும் இடத்திலேயே வெட்டி அடைக்கவும் பிளம்பரிடம் சொல்லுங்கள்.

பெட்டிகளைப் பொறுத்தவரை, 230 கிலோவுக்கு இடம் கிடைத்துவிட்டது என்று கணக்குப் போடாதீர்கள். அது அந்தக் கட்டைகளின் பங்கீட்டால் தாங்கிய பாரம். இத்தகைய டிரஸ்களின் அடிச்சட்டம் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 25 கிலோ அளவுக்கே கணக்கிடப்பட்டது. புத்தகங்கள் வேண்டாம், கம்பளி உடைகள் இருக்கலாம்.

கேள்வி: எங்கள் பர்மிங்காம் வீடு 1930களைச் சேர்ந்தது. பழைய தொட்டி மேடையை ஒட்டி ஒரு கட்டை சாய்வாகக் கூரை வரை போகிறது. அதையும் எடுக்கலாமா?

பதில்: கூடாது. கைமரங்களைத் தாங்கும் நீளவாட்டு உத்தரத்தின் பாரத்தை உள்சுவருக்கு இறக்கும் முட்டுக்கட்டையாகவே அது பெரும்பாலும் இருக்கும். சுவர் தரும் பலத்துக்காகத் தொட்டியையும் அதன் அருகிலேயே வைத்திருப்பார்கள். கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் பார்க்காமல் அதில் கை வைக்க வேண்டாம். மரப்பட்டிகளில் சுண்ணாம்பு பூசிய பழைய சீலிங் என்றால், மேடையைக் கழற்றும் அதிர்விலேயே அது பெயர்ந்து விழக்கூடும். தொட்டி இன்னும் அங்கேயே இருந்து, சாம்பல் நிறச் சிமென்ட் போலத் தெரிந்தால் உடைக்காதீர்கள். அது ஆஸ்பெஸ்டாஸா என்று சோதித்த பிறகே மேற்கொண்டு எதையும் செய்யுங்கள்.