சர்ச்சையில் சிக்கிய ஓட்டலுக்கு ஆதரவாகத் திரண்டு போய்ச் சாப்பிடுவதால் உண்மையில் பலன் உண்டா?

உண்டு. ஆனால் யார் போகிறார்கள், எத்தனை நாள் போகிறார்கள் என்பதைப் பொறுத்தது. அங்கே வழக்கமாகச் சாப்பிடுகிறவர்கள் பயப்படாமல் தொடர்ந்து வந்தால் கடை பிழைத்துக்கொள்ளும். கட்சிக்காரர்கள் திரண்டு வந்தால் அன்றைக்குக் கல்லா நிறையும், கூடவே ‘அது அவங்க கடை’ என்ற பேரும் ஒட்டிக்கொள்ளும்.

நான் குமுளிக்காரன், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்து ஊர். கம்பத்திலிருந்து காய்கறியும் வாழையிலையும் ஏற்றி வந்து இங்குள்ள ஓட்டல்களுக்குப் போடுவது எங்கள் குடும்பத் தொழில். எந்தக் கடையில் வியாபாரம் ஏறுகிறது, எதில் இறங்குகிறது என்பது அவர்கள் கேட்கும் இலைக்கட்டிலேயே எங்களுக்குத் தெரிந்துவிடும்.

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினை முற்றியது நினைவிருக்கும். 1895-ல் கட்டி முடித்த அந்த அணை நிற்பது கேரளத்தில், தண்ணீர் போவது தேனி, மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் வயல்களுக்கு. அணையின் பாதுகாப்பைப் பற்றிய பேச்சு இரண்டு பக்கமும் கோபமாக மாறி, கம்பம் - குமுளி மலைப்பாதை அடைபட்டது. தமிழ்நாட்டில் மலையாளிகளின் டீக்கடைகளும் நகைக்கடைகளும் தாக்கப்பட்டன. இடுக்கி ஏலத்தோட்டங்களில் இருந்த தமிழ்த் தொழிலாளர்கள் குடும்பத்தோடு மலையை விட்டு இறங்கிப் போனார்கள். அதுவோ சபரிமலை சீசன். குமுளி சைவ ஓட்டல்களுக்கு வருஷ வருமானத்தில் பெரும்பங்கு அந்த இரண்டு மாதத்தில்தான் வரும்.

எங்களிடம் இலை வாங்கும் ஓட்டல் ஒன்றின் முதலாளி கம்பத்துப் பக்கத்துக்காரர். அந்தப் பக்கம் நடக்கும் போராட்டத்துக்கு அவர் பணம் கொடுத்தார் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அப்படி எதுவும் அவர் செய்யவில்லை. வாசலில் கோஷம் போட்டார்கள், ஷட்டரை இறக்கிவிட்டு அவர் உள்ளேயே உட்கார்ந்துவிட்டார்.

கடையைத் திறக்க வைத்தது ஆட்டோ ஸ்டாண்டுச் சேட்டன்மாரும் சுமை தூக்கும் தொழிலாளர்களும். ஏறக்குறைய எல்லாரும் மலையாளிகள். ‘அண்ணாச்சி, கட துறக்கு, ஞங்ஙளுண்டு இவிட’ (கடையைத் திறங்க, நாங்க இங்கே இருக்கோம்) என்று சொன்னதோடு நிற்கவில்லை. ஒரே நேரத்தில் கும்பலாக வராமல், காலையிலிருந்து ராத்திரி வரை இரண்டு பேர் மூன்று பேராக மாறி மாறி வந்தார்கள். முன் மேசை எந்நேரமும் காலியாக இருக்காது. கத்த வந்தவர்கள் எட்டிப் பார்த்தால் உள்ளே உட்கார்ந்திருப்பது சொந்த அண்ணனும் மாமனும். அதற்கப்புறம் யார் கல் எறிவார்கள்?

பாதை அடைபட்டதால் கம்பத்திலிருந்து சின்ன வெங்காயம் இல்லை, தக்காளி இல்லை, இலையும் இல்லை. சாம்பார் வைக்க வழியில்லாமல் கஞ்சியும் பயறும் கப்பையும் (மரவள்ளிக்கிழங்கு) தேங்காய்ச் சம்மந்தியும் (துவையல்) போட்டார் முதலாளி. இலை அக்கம்பக்கத்து வீட்டுத் தோட்டங்களிலிருந்து வந்தது. தமிழ் ஓட்டலில் மலையாளச் சாப்பாடு, அதைச் சாப்பிட்டுக் காசு கொடுத்துப் போனவர்கள் மலையாளிகள். அதை இன்றைக்கும் நான் பெருமையாகச் சொல்வேன். அந்தக் கடை இன்னும் நடக்கிறது.

இப்போது வெளியே நடந்ததைப் பாருங்கள். அமெரிக்காவில் சிக்-ஃபில்-ஏ என்ற கோழிக்கறி உணவகச் சங்கிலியின் தலைவர் டேன் கேத்தி 2012-ல் ஒருபால் திருமணத்துக்கு எதிராகப் பேசினார். எதிர்ப்பு கிளம்பியது. முன்னாள் ஆளுநர் மைக் ஹக்கபி ஆதரவு நாள் அறிவிக்க, ஆகஸ்ட் 1 அன்று கடைகள் முன்னால் நீண்ட வரிசை. இரண்டே நாளில் எதிர்த்தரப்பும் அதே கடைகளின் முன்னால் கூடியது. அங்கே வரிசையில் நின்றவர்கள் முதலாளியின் கருத்துக்காக வந்தவர்கள். அதில் எனக்கு மரியாதை குறைவு. பெரிய நிறுவனம், யார் வந்தாலும் வராவிட்டாலும் தாங்கும்.

வாஷிங்டனின் காமெட் பிங் பாங் பீட்சா கடை அப்படியல்ல. குழந்தைக் கடத்தல் நடக்கிறது என்று இணையத்தில் கிளம்பிய அப்பட்டமான பொய்யை நம்பி, 2016 டிசம்பர் 4 அன்று ஒருவன் துப்பாக்கியோடு உள்ளே போய்ச் சுட்டான். நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. அதற்குப் பிறகு அக்கம்பக்கத்தார் பிள்ளைகளோடு போய் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எங்கள் குமுளியில் நடந்ததும் இதுவேதான். பயமுறுத்தப்பட்ட இடத்தில் குழந்தையோடு போய் உட்காருவதற்குத் தைரியம் வேண்டும்.

நம் பக்கம் எல்லாருக்கும் தெரிந்தது 2024 செப்டம்பரில் கோவை அன்னபூர்ணா விஷயம். பன்னுக்கு ஜிஎஸ்டி இல்லை, அதற்குள் க்ரீம் வைத்தால் 18 சதவீதம் என்று அதன் உரிமையாளர் சீனிவாசன் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் முன்னால் எடுத்துச் சொன்னார். அப்புறம் அவர் மன்னிப்புக் கேட்ட தனிச் சந்திப்பின் வீடியோ வெளியே வந்தது. அதற்காக அப்போதைய தமிழக பாஜக தலைவர் அண்ணாமலை வருத்தம் தெரிவித்தார். நாடு முழுக்க சீனிவாசனுக்கு ஆதரவுக் குரல் எழுந்தபோது, இதை இத்தோடு விட்டுவிடலாம் என்றுதான் அன்னபூர்ணா தரப்பு கேட்டுக்கொண்டது. கடைக்காரருக்கு நாளைக்கும் எல்லாக் கட்சிக்காரரும் சாப்பிட வரவேண்டும். ஆதரிக்கிறவர்கள் இதை மறக்கக் கூடாது என்று கெஞ்சிக் கேட்பேன்.

அடுப்பங்கரைக் கணக்கு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு வேண்டிய இட்லி மாவு இன்றைக்கே ஆட்டிப் புளிக்க வைத்தது. சொல்லாமல் இருநூறு பேர் வந்து நின்றால் ஒன்பது மணிக்கே மாவு தீரும், வழக்கமான ஆட்கள் பசியோடு திரும்புவார்கள். அதை நம்பி மறுநாள் இரண்டு மடங்கு ஆட்டினால், கூட்டம் வராமல் மாவு புளித்துக் கொட்ட வேண்டியதுதான். எனக்குத் தெரிந்த வரை ஆதரவுக் கூட்டம் முதல் வாரத்தோடு கரைந்துவிடும். ஓட்டலுக்கு நெருக்கடி வருவது இரண்டாவது மாதம், வாடகையும் பால்காரர் பாக்கியும் சேர்ந்து நிற்கும்போது.

அதனால் போகிறவர்கள் முன்கூட்டியே ஒரு போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். கொடியும் கோஷமும் வேண்டாம். பரிமாறுகிற பையனை வீடியோ எடுத்துப் போடாதீர்கள், அவன் ராத்திரி தனியாக வீட்டுக்கு நடந்து போகிறவன். ஒரு மாதம் கழித்து ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை வீட்டாரைக் கூட்டிக்கொண்டு மறுபடி போங்கள். பரோட்டா மாஸ்டரும் சப்ளையரும் பாத்திரம் கழுவுகிற அக்காவும் பல கடைகளில் நாள் கூலிக்காரர்கள், ஷட்டர் இறங்கிய நாளுக்கு அவர்களுக்குக் கூலி கிடையாது. யாராவது பணம் திரட்டினால் முதலில் அதை அவர்கள் கையில் கொடுங்கள்.