ஏழு பேர் ஏஜென்சியை நம்பி இறங்கலாமா?

கேள்வி: வீட்டு உபயோகப் பொருட்கள் தயாரிக்கும் நடுத்தர நிறுவனம் ஒன்றில் விளம்பரப் பொறுப்பில் இருக்கிறேன். புதிய பொருளின் அறிமுகத்துக்காக இரண்டு ஏஜென்சிகள் கடைசிச் சுற்றில் நிற்கின்றன. ஒன்றுக்குப் பல நாடுகளில் கிளைகள் உண்டு. பதினெட்டு பேர் வந்து அசத்திவிட்டுப் போனார்கள். இன்னொன்றில் மொத்தமே ஏழு பேர். அவர்கள் அதிகம் பேசவில்லை, கேள்வியாகவே கேட்டார்கள். சின்ன ஏஜென்சிகளில்தான் கிரியேட்டிவிட்டி அதிகம் என்கிறார்களே, அது உண்மையா, அவர்களே கிளப்பிவிட்ட பேச்சா?

பதில்: பாதி உண்மை. அந்தப் பாதி எது என்று தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு புலம்புகிறவர்கள் நிறைய.

முதலில், சின்ன ஏஜென்சியில் இருப்பவர்களுக்கு விசேஷமான மூளை எதுவும் கிடையாது. பெரும்பாலும் பெரிய ஏஜென்சியில் பத்து வருடம் குப்பை கொட்டிவிட்டு வெளியே வந்தவர்கள்தான். மாறுவது ஒன்றே ஒன்று: யோசனை பிறந்த மேசைக்கும் உங்கள் மேசைக்கும் நடுவில் எத்தனை கைகள் இருக்கின்றன என்பது.

பெரிய ஏஜென்சியில் நீங்கள் சொல்வதை, கிளையன்டோடு பேசுவதற்கென்றே இருக்கும் அக்கவுண்ட் எக்ஸிகியூட்டிவ் குறித்துக்கொள்வார். அது திட்டம் போடும் பிளானர் கைக்குப் போய், என்ன விளம்பரம் வேண்டும் என்று சொல்லும் பிரீஃபாக, அதாவது வேலைக் குறிப்பாக, மாறும். கிரியேட்டிவ் டைரக்டர் அதை எழுதுகிறவர், வரைகிறவர் என்ற ஒரு இளம் ஜோடியிடம் தள்ளிவிடுவார். அவர்கள் எழுதியது மறுபடி அதே ஏணியில் ஏறி வரும். வழியில் இருக்கும் யாரும் முட்டாள் அல்ல. ஆனால் ஆளுக்கொரு பயம். ஒருவர் ஒரு வார்த்தையை எடுப்பார், ஒருவர் லோகோவைப் பெரிதாக்குவார், ஒருவர் ‘கிளையன்ட் ஒத்துக்கொள்ள மாட்டார்’ என்று அவராகவே முடிவு செய்வார். உங்களிடம் வந்து சேர்வது யாரையும் உறுத்தாது, யாருக்கும் நினைவிலும் நிற்காது.

இதைவிடப் பெரிய நஷ்டம், எழுதுகிறவர் உங்கள் வாயால் எதையும் கேட்காதது. பொருளைப் பற்றிப் பேசும்போது உங்கள் தயாரிப்புப் பிரிவுக்காரர் போகிற போக்கில் ஒன்று சொல்வார். பிரீஃபில் ஏறாத அந்த ஒரு வரியில்தான் விளம்பரம் ஒளிந்திருக்கும். ஏழு பேர் இடத்தில் அதைக் கேட்டவரே எழுதுவார். அவர்கள் கேள்வியாகவே கேட்டார்கள் என்றீர்களே, அதைக் குறையாக நினைக்காதீர்கள்.

கணக்காகவும் பார்க்கலாம். ஏழு பேருக்குள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளும் இணைப்புகள் 21. நாற்பது பேர் என்றால் 780. அத்தனை பேச்சையும் கட்டிமேய்க்கத்தான் மீட்டிங்குகள் வருகின்றன.

இந்தத் தொழிலுக்குள் இது பழைய சண்டை. நியூயார்க்கில் கிரே என்ற ஏஜென்சி வளர்ந்துகொண்டிருந்தபோது, அங்கே வேலை பார்த்த பில் பெர்ன்பாக் 1947-இல் நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். பெரிதாகப் பெரிதாக விஷயத்தை விட்டுவிட்டு உத்தியைக் கும்பிட ஆரம்பித்துவிடுவோம் என்பது அவர் கவலை. 1949-இல் இரண்டு கூட்டாளிகளோடு டாய்ல் டேன் பெர்ன்பாக் ஏஜென்சியைத் தொடங்கினார். அதுவரை விளம்பர வாசகம் எழுதும் காப்பிரைட்டர் எழுதி முடித்து ஆர்ட் பிரிவுக்கு அனுப்பிவிடுவதே வழக்கம். அவரோ எழுதுகிறவரையும் வரைகிறவரையும் ஒரே அறையில் உட்காரவைத்தார். பெரிய காரே பெருமை என்றிருந்த அமெரிக்காவில், 1959-இல் வெள்ளைப் பக்கத்தின் மூலையில் குட்டி ஃபோக்ஸ்வாகனை நிறுத்தி ‘சின்னதாக யோசியுங்கள்’ என்று சொன்ன விளம்பரம் அந்த ஏஜென்சியில் உருவானதுதான். எழுதியவர் ஜூலியன் கோனிக், வடிவமைத்தவர் ஹெல்மட் குரோனே. அப்போது அது ஏழு பேர் கடை அல்ல, நன்றாகவே வளர்ந்திருந்தது. ஆனாலும் யோசனைக்கும் கிளையன்டுக்கும் நடுவில் கூட்டம் சேரவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். ஆள் எண்ணிக்கையைவிட அந்த இடைவெளிதான் முக்கியம் என்று நான் சொல்வது இதனால்தான். நைக்கியின் ‘ஜஸ்ட் டூ இட்’ கதையும் அப்படித்தான். 1988-இல் அந்த வரியை எழுதிய டேன் வைடன், ‘வைடன் அண்ட் கென்னடி’ ஏஜென்சியின் நிறுவனர்களில் ஒருவர். போர்டில் பெயர் இருந்தவரே பேனா பிடித்தார்.

பெரிய கூட்டம் என்றால் யோசனையும் பெரிதாக வரும் என்ற நம்பிக்கையைப் பரப்பியதிலும் ஒரு விளம்பரக்காரருக்குப் பங்குண்டு. பலர் கூடி உட்கார்ந்து யோசனைகளைக் கொட்டும் ‘பிரெய்ன்ஸ்டார்மிங்’ முறையைப் பிரபலமாக்கிய அலெக்ஸ் ஆஸ்போர்ன், பிபிடிஓ ஏஜென்சியின் பெயரில் வரும் அந்த ‘ஓ’. 1958-இல் யேல் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். நாலு பேரை ஒன்றாக உட்காரவைத்ததைவிட, நாலு பேரைத் தனித்தனியே யோசிக்கவைத்துத் திரட்டியபோது ஏறக்குறைய இரு மடங்கு யோசனைகள் கிடைத்தன. விளம்பரத்தை ஆராயாவிட்டாலும் 2019-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு ஒன்றும் உங்களுக்கு உதவும். ஆறரைக் கோடிக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள், காப்புரிமைகள், மென்பொருட்களை வைத்துப் பார்த்ததில், சின்னக் குழுக்கள் பழையதைப் புரட்டிப்போடுவதும், பெரிய குழுக்கள் ஏற்கெனவே உள்ளதை வளர்த்தெடுப்பதும் அதிகம் எனத் தெரிந்தது. தேர் இழுக்க ஊர் கூட வேண்டும்; தேருக்குச் சிற்பம் செதுக்க ஊர் கூடினால் உளிதான் உடையும். உங்களிடம் நல்ல யோசனை ஏற்கெனவே இருந்து, அதைப் பல சந்தைகளுக்கும் பல மொழிகளுக்கும் கொண்டுபோவதே வேலை என்றால், கூச்சப்படாமல் பெரிய ஏஜென்சியைப் பிடியுங்கள்.

அடுத்து, யாரும் அவ்வளவாகப் பேசாத விஷயம்: காசு. ஏஜென்சிகள் வெகுகாலம் மீடியா செலவில், அதாவது விளம்பரம் வெளியிட பத்திரிகைக்கும் டிவிக்கும் கிளையன்ட் கொடுக்கும் பணத்தில், 15 சதவீதக் கமிஷனில் வாழ்ந்தன. கிளையன்ட் எவ்வளவு செலவழிக்கிறாரோ அவ்வளவு லாபம். இன்று கட்டண முறை பரவலாகிவிட்டது. ஆனாலும் படப்பிடிப்புக்கு ஒரு பிரிவு, டிஜிட்டலுக்கு ஒரு பிரிவு என்று சம்பளம் போட்டு வைத்திருப்பவர்கள் அவற்றுக்கு வேலை தேடத்தான் செய்வார்கள். தீனி போட வேண்டிய பிரிவு இல்லாத ஏஜென்சிதான் ‘உங்களுக்கு விளம்பரப் படமே வேண்டாம், முதலில் டப்பாவின் மேல் எழுதியிருப்பதை மாற்றுங்கள்’ என்று துணிந்து சொல்லும். என் பார்வையில் சின்ன ஏஜென்சியின் மிகப் பெரிய படைப்புச் சுதந்திரம் இதுதான்.

ஆனால் அந்தத் துணிச்சல் எப்போது போய்விடும் தெரியுமா? அவர்கள் வருமானத்தில் பாதி உங்களிடமிருந்து வரும்போது. பிறகு உங்களை எதிர்த்துப் பேச மாட்டார்கள், நீங்கள் சொன்னதையே அழகாக எழுதித் தருவார்கள். அதற்கு ஏஜென்சி எதற்கு? எனவே எத்தனை கிளையன்டுகள், அவர்களில் நீங்கள் எத்தனையாவது பெரியவர் என்று நேரடியாகக் கேளுங்கள். முக்கியமான ஒருவர் விலகினால் வேலை யார் கையில் என்பதையும் கேட்டு வையுங்கள்.

பெரிய ஏஜென்சியிடம் ஒரே கேள்வி போதும்: வந்த பதினெட்டு பேரில் கையெழுத்தான மறுநாள் எங்கள் வேலையில் உட்காரப்போவது யார்? இரண்டு பேர் பெயர் வந்தால், அந்த இரண்டு பேரை மட்டும் தனியாகச் சந்தியுங்கள். அவர்கள் பிடித்துப்போனால் அளவைப் பற்றிக் கவலை வேண்டாம்.

இலவச பிட்ச் கேட்காதீர்கள், அதாவது வேலை கொடுக்கும் முன்பே சும்மா யோசனை செய்து காட்டச் சொல்லாதீர்கள். ஏழு பேர் உங்களுக்காக மூன்று வாரம் சும்மா உழைத்தால், அது வேறொரு கிளையன்டின் நேரம். நாளை உங்கள் நேரமும் அப்படித்தான் போகும். சின்ன வேலை ஒன்றைப் பணம் கொடுத்தே செய்யச் சொல்லிப் பாருங்கள்.

கடைசியாக உங்கள் வீட்டைப் பாருங்கள். சின்ன ஏஜென்சி ஒன்று இரண்டே நாளில் கொண்டுவந்த நல்ல வரி ஒன்றை, கிளையன்ட் பக்கம் ஆறு துறைகள் சேர்ந்து ஐந்து வாரம் திருத்தியதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். கடைசியில் மிஞ்சியது பொருளின் பெயர் மட்டும். ஏஜென்சியில் இல்லாத ஏணியை நீங்களே கட்டிவைத்தால் கொடுத்த காசு வீண். ஒப்பந்தத்துக்கு முன் உங்கள் மேலிடத்தில், விளம்பரத்துக்குக் கடைசி ஒப்புதல் தரப்போகிறவர் யார் என்று ஒரே ஒரு பெயரைக் கேட்டு வாங்குங்கள். பெயர் கிடைத்தால் அந்த ஏழு பேரைக் கூப்பிடுங்கள். கிடைக்காவிட்டால் பெரிய ஏஜென்சிக்கே போங்கள். கமிட்டிகளைச் சமாளிக்க அங்கே ஆள் போட்டிருக்கிறார்கள்.